சக்கரத்தில் கிடைத்த அமைதி பிழைப்பிலும் கிடைக்குமா?

நீங்கள் கேட்டிருப்பதை நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன். சென்னையில் பதினோரு ஆண்டுகளாக மென்பொருள் வேலை. போன மாதம் இரண்டு நாள் மண்பாண்டப் பயிற்சிக்குப் போயிருக்கிறீர்கள். சக்கரத்தில் கை வைத்ததும், பல வருடங்களாகக் கிடைக்காத ஓர் அமைதி கிடைத்தது என்கிறீர்கள். செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் தாத்தா காலத்து வீடு பூட்டிக் கிடக்கிறது. வேலையை விட்டுவிட்டு அங்கே ஸ்டூடியோ போடலாமா, இந்தத் தொழிலில் இருப்பவர்களின் ஒரு நாள் எப்படிப் போகும் என்று கேட்டிருக்கிறீர்கள். தினசரி வேலையைப் பற்றிய கேள்வி போலத் தெரிந்தாலும், நீங்கள் உண்மையில் அறிய விரும்புவது, அந்த இரண்டு நாள் அமைதி பிழைப்பாக ஆன பிறகும் கூட இருக்குமா என்பதைத்தான். அதை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

நான் காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் நடுவே ஓர் ஊரில் பதின்மூன்று ஆண்டுகளாக ஸ்டோன்வேர், அதாவது அதிகச் சூட்டில் சுடுகிற கெட்டியான பாண்டம், செய்கிறேன். கோப்பை, தட்டு, ஜாடி, பூச்சாடி எல்லாம் உண்டு. புதுச்சேரியில் டெபோரா ஸ்மித்தும் ரே மீக்கரும் 1971-இல் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியில் பயின்ற ஒருவரிடம் மூன்று வருடம் வேலை கற்றேன். பரம்பரைக் குயவர் குடும்பம் இல்லை. அதனால் குயவர்களான வேளார்களைப் பற்றிச் சொல்வது பக்கத்தில் நின்று பார்த்தது மட்டுமே. என் சொந்த வேலையைப் பற்றிச் சொல்வதை நம்பலாம்.

முதலில் அந்த இரண்டு நாள். உங்கள் முன்னால் மண் உருண்டையாகவே வந்திருக்கும். அதற்கு முன் யாரோ அதை ஊறவைத்து, சலித்து, காற்றுக் குமிழி போகப் பிசைந்திருப்பார்கள். நீங்கள் வீட்டுக்குப் போன பிறகு யாரோ உங்கள் கிண்ணத்தின் அடியைச் செதுக்கி, காயவைத்து, ஒருமுறை சுட்டு, கிளேஸில் (சூட்டில் கண்ணாடிபோல் உருகும் மேல்பூச்சு) முக்கி, மறுபடி சுட்டிருப்பார்கள். நான் ஒருமுறை கடிகாரம் வைத்துப் பார்த்தேன். ஒரு காபிக் கோப்பை சக்கரத்தில் இருப்பது 3 நிமிடம். பிசைவதில் தொடங்கி, சுட்டு எடுத்து அடியைத் தேய்க்கிற வரை அந்த ஒரு கோப்பைக்கு என் கை செலவிடுவது கிட்டத்தட்ட 25 நிமிடம். நீங்கள் அனுபவித்தது அந்த 3 நிமிடத்தை. அது பொய்யான அனுபவம் என்று சொல்லவே மாட்டேன், எனக்கும் அது அப்படித்தான் இருக்கிறது. ஆனால் மீதி 22 நிமிடமும் பிடித்திருக்கிறதா என்று பார்க்காமல் வேலையை விடாதீர்கள்.

என் நாள் காலை 5 மணிக்குப் பாலிதீன் தாளைத் தூக்கிப் பார்ப்பதில் தொடங்குகிறது. நேற்று சுற்றிய கோப்பைகள் அதற்குள் வரிசையாக இருக்கும். ஒன்றை எடுத்து விளிம்பருகே நகத்தை வைத்துப் பார்ப்பேன். நகம் பட்டால் தடம் விழ வேண்டும், விரலால் அழுத்தினால் குழியக் கூடாது. லெதர் ஹார்ட் என்று நாங்கள் சொல்வது அந்தப் பதத்தைத்தான். அந்தப் பதத்தில் இருந்தால் அன்று காலை அடி செதுக்கிக் கைப்பிடி ஒட்ட வேண்டும். இன்னும் ஈரமாக இருந்தால் தாளைத் திறந்துவிட்டு வேறு வேலைக்குப் போக வேண்டும். கொஞ்சம் காய்ந்துவிட்டால் அந்தக் கோப்பைகளுக்குக் கைப்பிடியே கிடையாது, டம்ளராகத்தான் போகும். ஈரமான கைப்பிடியைக் காய்ந்த உடம்பில் ஒட்டினால் இரண்டும் வேறுவேறு அளவில் சுருங்கி, ஒட்டிய இடத்தில் மயிரிழையாய் விரிசல் வரும். சூளைக்குள் போன பிறகுதான் அது வாயைத் திறக்கும். ஆக, இன்று என்ன செய்யலாம் என்பதை நான் முடிவு செய்கிற நாட்கள் குறைவு. நேற்று செய்தது எந்தப் பதத்தில் இருக்கிறதோ அதுதான் முடிவு செய்யும். கல்யாணம், காதுகுத்து எதற்குப் போனாலும் நடுவில் ஒரு தடவை வீட்டுக்குப் போன் பண்ணி, "அந்தத் தாளை இழுத்து மூடிரு" என்று சொல்கிற பிழைப்பு இது.

செட்டிநாட்டில் இதற்கு இன்னொரு கணக்கும் உண்டு. சித்திரை வைகாசியில் 11 மணிக்குச் சுற்றிய தட்டு 2 மணிக்குள் விளிம்பு காய்ந்து மேலே வளைந்துவிடும், நடுப்பகுதி மட்டும் சேறாகவே இருக்கும். ஆடிக்காற்று வேறு மாதிரி. காற்று படுகிற பக்கம் மட்டும் காய்ந்து, வட்டமாகச் சுற்றியது கோழிமுட்டை வடிவமாகிவிடும். அதனால் ஆடி முழுக்க மேற்குப் பக்கத்து ஜன்னலில் ஈரச்சாக்கு தொங்கும். ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் ஒரு வாரமானாலும் எதுவும் காயாது. பானை காய்ந்துவிட்டதா என்பதற்குக் கன்னம்தான் கருவி. எடுத்துக் கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்கக் கூடாது. சில்லென்றால் உள்ளே இன்னும் ஈரம் ஆவியாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். என் மூன்றாம் வருடத்தில், ஒரு விடுதிக்கு டிசம்பர் ஆர்டர், தேதி நெருங்கிவிட்டது. சில்லென்று இருந்ததைத் தெரிந்தே அடுக்கிப் பற்றவைத்தேன். ஒன்றரை மணி நேரத்தில் உள்ளே பட்டாசு மாதிரிச் சத்தம். 100 டிகிரி தாண்டியதும் ஈரம் நீராவியாகி, வெளியேற வழியில்லாமல் சுவரைப் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. 34 கிண்ணத்தில் 9 மிஞ்சின. இங்கே சுற்றுலாக்காரர்கள் வருவது பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில். அதற்கு முந்தின இரண்டு மாதமும் மழை. அதனால் தை மாதம் விற்கப்போகிற சரக்கை ஆவணி, புரட்டாசிக்குள் சுடாத பச்சைப் பாண்டமாகவாவது முடித்து வைத்தாக வேண்டும். அந்த மாதங்களில் கையில் காசு இருக்காது, ஆனால் வேலை அப்போதுதான் மிக அதிகம்.

மண்ணைப் பற்றி. "எங்க ஊர் கண்மாய் மண்ணிலேயே செய்யலாம்தானே" என்றும் கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் அதே ஆசை இருந்தது. ஊர் மண்ணைக் குழைத்து 40 கோப்பை செய்தேன். மண் எடுத்து வந்த அன்று, பக்கத்து ஊர் வேளார் பெரியவர் ஒருவர் வந்திருந்தார். ஒரு சிட்டிகை எடுத்து முன்பற்களுக்கு நடுவே வைத்து மெதுவாகக் கடித்துப் பார்த்துவிட்டுத் துப்பினார். "இதுல சுக்கான் கெடக்குத்தா. சுட்டு எடுக்கையில நல்லாத்தான் இருக்கும், பத்து நாளு பொறுத்துப் பாரு" என்றார். சுட்டேன், செக்கச்செவேல் என்று நாற்பதும் அழகாக வந்தன. எட்டாவது நாள் காலையில் அலமாரியில் மண் சில்லுகள் உதிர்ந்து கிடந்தன. ஒவ்வொரு கோப்பையிலும் மிளகு அளவுக் குழிகள், குழியின் நடுவில் வெள்ளைப் புள்ளி. மண்ணில் இருந்த சுக்கான், அதாவது சுண்ணாம்புக்கல், சூட்டில் சுட்ட சுண்ணாம்பாகி, பிறகு காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து ஊதி, மேலே இருந்த மண்ணைத் தள்ளிவிட்டது. பெரியவர் பல்லில் கண்டுபிடித்ததை நான் எட்டு நாள் கழித்துக் கண்ணால் பார்த்தேன். கரைத்து, மெல்லிய சல்லடையில் வடிகட்டினால் பெரும்பகுதி போய்விடும். சுட்ட சூட்டோடு தண்ணீரில் முக்கி எடுப்பதும் ஓரளவு உதவும். ஆனாலும் கண்மாய் மண் 1,000 டிகிரியை ஒட்டிச் சுடுகிற பொருளுக்குத்தான் பொருத்தம். ஸ்டோன்வேர் 1,200-க்கு மேல் போகும், அங்கே நம் செம்மண்ணும் வண்டலும் உப்பி உருகிவிடும். நான் சைனா கிளே, பால் கிளே, பெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் மூட்டைகளை வெளியிலிருந்து வரவழைத்து, அதில் நிறத்துக்காக மட்டும் கொஞ்சம் ஊர் மண் சேர்க்கிறேன். கண்மாயில் மண் எடுக்க முறையான அனுமதி வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

சூளை நாள் தனி நாள். என்னுடையது சிறிய எரிவாயுச் சூளை, 19 கிலோ வணிக சிலிண்டர்களில் ஓடுகிறது. அதிகாலை 4 மணிக்குப் பற்றவைத்தால் மாலை 4, 5 ஆகும். முதல் இரண்டு மணி நேரம் ஒரே ஒரு பர்னரைச் சிறியதாக எரியவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும். 573 டிகிரியில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் திடீரென்று விரியும், ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும். அந்த இடத்தை அவசரமாகக் கடந்தால் விரிசல்தான். 900 தாண்டியதும் டாம்பரை (புகைபோக்கியை அடைக்கும் தகடு) கொஞ்சம் உள்ளே தள்ளி, சூளைக்குப் போகிற காற்றைக் குறைப்பேன். பார்வைத் துளை வழியாகச் சுடர் வெளியே நாக்கை நீட்டும். காற்று போதாத நெருப்பு, மண்ணிலும் கிளேஸிலும் இருக்கிற இரும்பிடமிருந்து ஆக்ஸிஜனைப் பிடுங்கிக்கொள்ளும். கிளேஸில் ஒன்று, இரண்டு சதவீதம் இரும்பு இருந்தால், காற்றோட்டமான சூளையில் தேன் நிறம் வரும், காற்றைக் குறைத்த சூளையில் அதுவே இளம்பச்சையாகும். இது புதிய வித்தை ஒன்றுமில்லை. கீழடி அருங்காட்சியகத்துக்குப் போனால் கறுப்பு-சிவப்புப் பானைகளை நின்று பாருங்கள். உட்புறமும் விளிம்பும் கறுப்பு, வெளிப்புறம் சிவப்பு. கவிழ்த்துச் சுட்டு, உள்ளே காற்றுப் போகாமல் செய்த வேலை. நம் சிவகங்கை மாவட்டத்திலேயே இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பு ஒருவர் நெருப்புக்குக் காற்றை அளந்து கொடுத்திருக்கிறார். நான் டாம்பரைத் தள்ளும்போதெல்லாம் அந்தப் பானைகள் நினைவுக்கு வரும்.

எரித்து முடித்த பிறகு ஒன்றரை நாள் திறக்கக் கூடாது. 200 டிகிரியில் ஆவல் தாங்காமல் கதவை இழுத்தால் உள்ளிருந்து 'டங்' என்று கேட்கும். அது ஒரு தட்டு இரண்டாகும் சத்தம். கிளேஸுக்கு நம் ஊரில் நல்ல பொருள் இருக்கிறது. ரைஸ்மில் உமிச் சாம்பலில் சிலிக்கா அதிகம், பால்வெள்ளை கொடுக்கும். சீமைக்கருவேலச் சாம்பலில் சுண்ணாம்புச் சத்து அதிகம், அது உருக்கும். இரண்டையும் பெல்ட்ஸ்பாரோடு சேர்த்து என் கிளேஸ்களில் பாதியைச் செய்கிறேன். ஆனால் ஒரு மூட்டைச் சாம்பல் மாதிரி அடுத்த மூட்டை இருக்காது, ஒவ்வொரு முறையும் சோதனைத் துண்டு சுட வேண்டும்.

இந்த ஊர் வாடிக்கையாளர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். செட்டிநாட்டு வீடுகளில் வெளிநாடுகளிலிருந்து வந்த மங்குச் சாமான்கள் (பீங்கான் பாத்திரங்கள்) தலைமுறைகளாகப் புழங்கியவை. பளபளப்பைக் காட்டி இங்கே யாரையும் அசத்த முடியாது. ஓர் ஆச்சி என் ஊறுகாய் ஜாடியை வாங்கினார். மேலே பார்க்கவே இல்லை, நேராகக் கவிழ்த்தார். அடி வளையத்தில் ஆட்காட்டி விரலை ஒரு சுற்று ஓட்டினார். "சாடி நல்லாத்தான் இருக்கு. அடி சொரசொரங்குதே, பேழையில வச்சா மரத்தைக் கீறிப்புடுமே" என்று வைத்துவிட்டார். அன்றிலிருந்து சூளையிலிருந்து இறங்குகிற ஒவ்வொன்றையும் அரக்கல்லில் தண்ணீர் விட்டுத் தேய்த்துத்தான் அனுப்புகிறேன். ஒரு நாளில் இரண்டு மணி நேரம் அதற்கே போகிறது. வெளியூர்க்காரர்கள் இதைக் கவனிப்பதில்லை, ஆனாலும் தேய்க்கிறேன். தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல்லும் நீங்கள்தான் சுடுகிறீர்களா என்று அவர்கள் நிறையக் கேட்பார்கள். அது சுடுகிற பொருளே இல்லை. கண்ணாடிமேல் வண்ணமும் சிமெண்டும் ஊற்றித் தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது.

இனி எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது. உங்கள் கேள்வியில் "அழிந்துவரும் கலையைக் காப்பாற்றும் ஆசை" என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். இங்கே அந்தக் கலை ஆட்களோடு உயிரோடு இருக்கிறது. மானாமதுரையில் பானையும் செய்கிறார்கள், கச்சேரிக்குப் போகிற கடமும் செய்கிறார்கள். புரவி எடுப்புத் திருவிழாவுக்கு ஊரார் பிடிமண் கொடுத்து வேலையை ஒப்படைத்தால், அய்யனாருக்கு ஆளுயரக் குதிரையைப் பகுதி பகுதியாக வனைந்து எழுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். மண்ணோடு மணலும் உமியும் கலந்து, அத்தனை பெரிய உடம்பு வெடிக்காமல் காயும்படி செய்வதை என்னால் இன்றும் செய்ய முடியாது. நானும் நீங்களும் செய்வது வேறு தொழில். என் கோப்பை 450 ரூபாய்க்குப் போகிறது. அந்த வேளார் பெரியவரின் மீன்சட்டி அதில் கால் பங்குக்குக்கூடப் போவதில்லை. இது அவர் திறமைக்குக் கிடைத்த விலை இல்லை என்பது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. என் ஸ்டோன்வேர் கிண்ணத்தில் குழம்பு வைக்கலாமா என்று கேட்பவர்களை அவரிடம்தான் அனுப்புகிறேன். ஸ்டோன்வேரை அடுப்புச் சுடரில் வைத்தால் விரிசல் விட்டுவிடும். அவருடைய சட்டி நுண்துளைகளோடு இருப்பதால்தான் தீயைத் தாங்குகிறது. பானைத் தண்ணீர் குளிர்வதும் அந்தத் துளைகளால்தான், கசிகிற ஈரம் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. இதுவரை உறுதி. மண்பானைத் தண்ணீரில் அந்தச் சத்து இருக்கிறது, இந்த நோய் தீரும் என்பதெல்லாம் நான் சொல்லி விற்கிற பேச்சு இல்லை, நீங்களும் சொல்ல வேண்டாம்.

உடம்புக்கு வருகிற கெடுதல் பற்றி யாரும் பயிற்சியில் சொல்லியிருக்க மாட்டார்கள். காய்ந்த களிமண் தூசியில் சிலிக்கா இருக்கிறது. வருடக்கணக்கில் உள்ளே போனால் நுரையீரலில் தழும்பு விழும், சிலிக்கோசிஸ், அதற்கு மீட்சி கிடையாது. பட்டறையில் துடைப்பமே இருக்கக் கூடாது, ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும். பொடி கலக்கும்போது என்95 முகக்கவசம் கட்டாயம். ஈயம் கலந்த கிளேஸை, எவ்வளவு மினுமினுப்பாக இருந்தாலும், சாப்பாட்டுப் பாத்திரத்துக்குத் தொடாதீர்கள். இடுப்பு வலி எனக்கு ஏழாம் வருடம் வந்தது. இப்போது நின்றுகொண்டு சுற்றும்படி சக்கரத்தை உயர்த்தியிருக்கிறேன்.

தாத்தா வீட்டைப் பற்றி. சூளையை நடுமுற்றமான வளவுக்குள்ளோ இரண்டாம் கட்டிலோ வைக்க நினைக்காதீர்கள். தேக்கு உத்தரங்கள், பழைய மரவேலை, அதற்கு நடுவே 1,280 டிகிரி வேண்டாம். பின்கட்டுக்கு வெளியே, தோட்டத்தில், தகரக் கொட்டகை போட்டு வைக்கலாம். அதற்கும் முன்னால் வீட்டில் எத்தனை புள்ளிக்கு (குடும்பத்துக்கு) பங்கு என்று பாருங்கள். பங்காளிகள் எல்லோரும் ஒத்துக்கொள்ளாமல் ஓர் ஆணிகூட அடிக்க முடியாத வீடுகள் இங்கே நிறைய. வாடகைக்கு ஒரு பழைய கிட்டங்கி (சரக்குக் கிடங்கு) கிடைத்தால் அதுவே நிம்மதி.

பணம்: முதல் இரண்டு வருடம் நான் வீட்டிலிருந்து வாங்கித்தான் சாப்பிட்டேன். 100 கோப்பை சுற்றினால் 80, 85 விலைக்குப் போகிற தரத்தில் வரும். கடைகளில் வைத்தால் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அவர்கள் எடுப்பார்கள். இன்றும் என் வருமானத்தில் பாதி, வார இறுதியில் விடுதி விருந்தினர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதிலிருந்து வருகிறது. இது என் ஒருத்தியின் கணக்கு. உங்கள் சென்னைத் தொடர்புகள் வைத்து உங்களுக்கு வேறாக அமையலாம், அதை என்னால் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

அமைதிக்கு வருகிறேன். இரண்டு நாள் பயிற்சியில் கிண்ணம் கோணிப்போனால் யாருக்கும் நஷ்டமில்லை. ஒரே அளவில் 120 தட்டு வேண்டும் என்று ஓர் ஆர்டர் வந்து, மண் 12 சதவீதம் சுருங்கும் என்பதால் 25 சென்டிமீட்டர் தட்டை இருபத்தெட்டரைக்குச் சுற்றி, எழுபதாவது தட்டில் தோள் எரியும்போது அந்த அமைதி இருக்காது. சில நாட்களில் வரும், என்னால் வரவழைக்க முடிவதில்லை. எனக்கு இன்று நிலையாகக் கிடைப்பது வேறொன்று. காலை 5 மணிக்குத் தாளைத் தூக்கும்போது, நேற்று வைத்த 40 கோப்பையும் சரியான பதத்தில் உட்கார்ந்திருந்தால் ஒரு நிறைவு வரும். வெளியே இன்னும் விடிந்திருக்காது, முதல் கோப்பையைக் கவிழ்த்து வைத்துச் செதுக்கத் தொடங்கினால் மண் சுருள் சுருளாகக் கழன்று விழும். அதற்காகத்தான் பதின்மூன்று வருடமாக இருக்கிறேன். அது உங்களுக்கும் போதுமா என்பதை நீங்கள் இருந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ராஜினாமா எழுதாமல் ஒரு மாதம் விடுப்பு எடுங்கள். என்னிடமோ வேறு யாரிடமோ வந்து, மண் பிசைவது, துடைப்பது, சூளை அடுக்குவது, அடி தேய்ப்பது எல்லாம் செய்யுங்கள். முறையாகப் படிக்க விருத்தாசலத்தில் செராமிக் தொழில்நுட்பப் படிப்பு இருக்கிறது, புதுச்சேரி வட்டாரத்தில் நல்ல ஸ்டூடியோக்கள் இருக்கின்றன. என்னிடம் வருவதானால் ஐப்பசியில் வாருங்கள். தை மாதத்தில் எல்லாம் அழகாக இருக்கும், வேலை தெரியாது. வரும்போது பள்ளத்தூர் வீட்டுத் தோட்டத்தில் இரண்டு அடி தோண்டி, ஒரு கிலோ மண் எடுத்து வாருங்கள். ஒரு சிட்டிகையில் வினிகர் விட்டுப் பார்ப்போம். நுரைத்தால் சுக்கான் இருக்கிறது, சல்லடையை எடுத்து வைக்கிறேன்.